மகிழ்ச்சியில் முதலிடம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.

இன்று தெரியவந்த தவறு ஒன்று. மதிப்பெண் விளக்கத் தாளை நோட்டில் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். அது இரண்டு பக்கமும் அச்சடித்த தாள். ஒட்டும் முன் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. சின்னத் தவறு என்றுதான் நினைக்கிறேன். சரிபார்க்க வேண்டும்.

இதை எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். பிறகு மறுபடியும் திறந்து, ‘நினைக்கிறேன்’ என்பதற்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். ஸ்கேல் இல்லாமல் அவள் எதையும் அடிக்கோடிட்டதில்லை. மாலைக் கல்லூரியில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர் விழுந்தது அதனால்தான். வயது இருபத்துமூன்று. கூடப் படிப்பவர்களைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் மரியாதையாக ‘ஸ்கேல் அக்கா’. மரியாதை என்பது ஒரு பேச்சுக்கு.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னறையில் வந்தவர்கள் நிலைக்கண்ணாடி முன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னறையில் இவள் லென்ஸின் ஓரத்தைத் தீட்டிச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருப்பாள். தீட்டும் சக்கரம் சூடாகாமலிருக்க ஒரு மெல்லிய குழாய் அதன்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அன்று மதியம் அந்தக் குழாய் கழன்று, பெஞ்சின் மேலிருந்த அவளுடைய பைக்குள் கால் லிட்டர் தண்ணீரை ஊற்றிவிட்டது. நோட்டு ஊறியது. துடைத்து உதறியபோது பதினான்காம் பக்கத்தில் ஒட்டியிருந்த தாள் தானாகவே உரிந்து கையோடு வந்தது. பின்பக்கத்தில் நான்கே வரி இருந்தது.

‘நட்சத்திரக் குறியிட்ட பதினாறு கேள்விகளும் துன்பத்தைக் குறிப்பவை. இவற்றுக்கான எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டவும். 4 என்றால் 0; 3 என்றால் 1. தவறினால் முடிவு தலைகீழாகும்.’

அவள் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தாள். எதையும் மூன்று தடவை பார்ப்பது அவளுடைய வழக்கம். இந்தத் தாளைத் தவிர.

கடை முதலாளி தலையை நீட்டினார். “ஏம்மா, குழாய் மறுபடி கழண்டுச்சா? லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“ஆகல சார்.”

“அப்புறம் ஏன் பிளஸ் பவர மைனஸா மாத்திக் குடுத்தவ மாதிரி நிக்கற?”

“அதேதான் சார் பண்ணியிருக்கேன்.”

அவர் முகம் வெளுத்தது. “யாரோட ஆர்டர்?”

“கடை ஆர்டர் இல்ல சார். காலேஜ்ல.”

“அப்பாடா” என்று தலையை இழுத்துக்கொண்டார்.

காலேஜ் ஆர்டர் இதுதான். புள்ளியியல் வகுப்புக்குச் செய்முறைப் பாடமாக ‘சமூக ஊடகமும் மாணவர் மனநலமும்’ என்று ஒரு கணக்கெடுப்பு வந்தது. இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஏதாவதோர் எண்ணை வட்டமிட வேண்டும். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் பூஜ்யம், ‘எப்போதும்’ என்றால் நான்கு. மொத்தம் எண்பது. கூடினால் நலம் கூடுதல் என்று தாளின் முன்பக்கத்தில் போட்டிருந்தது. வகுப்பில் ஐம்பது பேர் இருந்தும், படிவம் கொடுத்து வாங்குகிற, எண்ணுகிற, கூட்டுகிற வேலை முழுவதும் ஸ்கேலின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதுகூடச் சரியில்லை. யார் செய்வீர்கள் என்று புள்ளியியல் மேடம் கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவள் ஒருத்திதான் நிமிர்ந்திருந்தாள். சமூக ஊடகத்தால் விளையும் கேடுகளைப் பற்றிய பாடம் அந்த நிமிடமே நடந்து முடிந்துவிட்டது, யாரும் குறிப்பெடுக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். பெயர் எழுத வேண்டாம், தைரியமாக உண்மையைப் போடுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். கொடுத்ததில் ஒன்றும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக மூலையில் பெஞ்சு வரிசைப்படி எண் போட்டிருந்தாள். எந்த பெஞ்சில் எந்த எண் என்று நோட்டில் ஒரு படமும் வரைந்திருந்தாள். பெயரில்லாப் படிவத்துக்கு இதைவிட நல்ல பெயர்ப்பலகை கிடையாது என்பது வரைந்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழகாக வரைந்த படத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

பத்து நாளைக்கு முன் வீட்டில் உட்கார்ந்துதான் அத்தனையையும் கூட்டினாள். வீடு என்றால் ஒன்றரை அறை. அதில் ஒரு அறையை அவளுடைய அக்காவின் தையல் மெஷினும், பக்கத்து வீடுகளிலிருந்து நீளம் குறைக்க வந்த கால்சட்டைகளும் நிறைத்திருக்கும். துணி வெட்டும் மேஜையில் ஓரமாக இடம் பிடித்து, விளக்கத் தாளை நான்கு மூலைக்கும் பசை தடவி, நடுவிலும் ஒரு கோடு தடவி, ஒட்டி அழுத்தினாள்.

“அந்தப் பசைய உன் காலேஜ் பசங்க வாயில தடவினா புண்ணியமாப் போகும்” என்றாள் அக்கா, வாயில் குண்டூசிகளோடு. பிறகு ஒரு படிவத்தை எட்டிப் பார்த்து, “இது என்னடி, பாதிக்கு மேல நட்சத்திரமாப் போட்டிருக்கு?”

“முக்கியமான கேள்வியா இருக்கும்.”

“கேட்டியா?”

“இதப் போயி கேப்பாங்களா? மேடம் சிரிப்பாங்க.”

அவளுடைய வாழ்க்கையே இப்படித்தான். தண்ணீர்க் குழாயை மூடினோமா என்று மாடி ஏறி இறங்கிப் பார்ப்பாள். பஸ்ஸின் எண்ணை இரண்டு பேரிடம் கேட்பாள். கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிடுவாள். அன்று கேள்விகளைப் படித்தால் மனது சாய்ந்துவிடும், பாரபட்சம் வந்துவிடும் என்று பயந்து, ஸ்கேலை நீளவாக்கில் வைத்துக் கேள்விகளை மறைத்துவிட்டு, வட்டமிட்ட எண்களை மட்டும் கூட்டினாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. ஒரு தப்பு இல்லை. அவ்வளவு சுத்தமான கூட்டல்.

முடிவு: நூற்றுக்கு எழுபத்தொரு பேர் பாதிக் கோட்டுக்கு மேலே. முதலிடம் படிவம் 47, அறுபத்துநான்கு மதிப்பெண். இரண்டாவது படிவம் 3, அறுபத்துமூன்று.

இதை வைத்து மேடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். தாள் ‘மனநல மன்ற’த்துக்குப் போனது. மனநல மன்றத்தின் செயலாளர் யாரென்றால், முதல் பெஞ்சில் உட்காரும் ரிங்லைட். போன் பிடிக்கும் வட்ட விளக்கை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைவதால் வந்த பெயர். அவளும் அதை விரும்பியே ஏற்றுக்கொண்டாள். போன பருவத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கருத்தரங்கில் பேச எழுந்து, வாய் வராமல் நாற்பத்துமூன்று விநாடி நின்றாள். ரிங்லைட் அதைப் படம் பிடித்தாள். கீழே கடிகாரம் ஓடுகிற மாதிரி வைத்து, ஒரு பாட்டையும் சேர்த்துப் போட்டாள். பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ‘மியூட்’ என்று பெயர். ஒரு வாரம் கழித்து, ‘ஒருவருக்கொருவர் மென்மையாக இருப்போம்’ என்று ரிங்லைட் கண் கலங்க இன்னொன்று போட்டாள். அதை இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். கல்லூரி அவளைக் கூப்பிட்டு மனநல மன்றத்தைக் கையில் கொடுத்தது. கண் கலங்கத் தெரிந்தவர்களுக்குத்தானே பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவு வந்தது. ‘எங்கள் வளாகத்தில் 71 சதவீதம் பேர் மகிழ்ச்சி! மகிழ்ச்சியில் முதலிடம்: படிவம் 47! யாரப்பா அந்த அதிர்ஷ்டசாலி? புதன் மாலை ஆறு மணி, மேடைக்கு வா, கிரீடம் காத்திருக்கிறது!’ பன்னிரண்டாயிரம் லைக்.

கடையின் பின்னறையில் ஸ்கேல் ஈரம் படாத கோப்பிலிருந்து 47ஆம் படிவத்தை எடுத்தாள். முதல் தடவையாக, ஸ்கேலை நகர்த்தி வைத்துவிட்டுக் கேள்விகளைப் படித்தாள்.

‘பிறர் படங்களைப் பார்த்தபின் என் முகம் எனக்குப் பிடிக்காமல் போகிறது.’ நான்கு. ‘என்னைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று திரும்பத் திரும்பத் தேடுகிறேன்.’ நான்கு. ‘வகுப்புக்குள் நுழையும்போது எல்லாரும் சிரிப்பதாகத் தோன்றுகிறது.’ நான்கு. ‘காலையில் உற்சாகமாக எழுகிறேன்.’ பூஜ்யம். பத்தொன்பதாவது கேள்வி: ‘நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.’ நான்கு. அந்த நான்கைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம் இருந்தது.

திருப்பிப் போட்டுக் கூட்டினாள். எண்பதுக்கு இரண்டு.

நோட்டிலிருந்த பெஞ்சுப் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பார்த்தாள். கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். மியூட்.

கடையில் யாராவது பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் பொருத்திக் கொடுத்தால், வாங்கியவர் வாசற்படியிலேயே தடுக்கி விழுந்து திரும்பி வந்து சத்தம் போடுவார். தப்பு பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்லூரிக் கணக்கிலோ பன்னிரண்டாயிரம் பேர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆகா எவ்வளவு தெளிவு என்று கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐந்தரைக்கு அவள் கல்லூரிக்குள் நுழைந்தபோது மனநல வாரம் களைகட்டியிருந்தது. நடைபாதையில் ‘நான் நலம்’ என்று எழுதிய பெரிய அட்டைச் சட்டம் நின்றது. ஒவ்வொருவராக அதற்குள் தலையை விட்டு, பல்லைக் காட்டி, படம் சரியில்லை என்று திரும்பவும் விட்டு, திரும்பவும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நலம் என்று நிரூபிக்க ஒருத்திக்கு ஏழு படம் போதவில்லை. எட்டாவதும் பிடிக்காமல் அவள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். ‘போனை ஒதுக்குவோம்’ என்ற பதாகையைப் பன்னிரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள்.

சட்டத்துக்குப் பக்கத்தில் ரிங்லைட் நாற்காலிமேல் ஏறி நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஸ்கேல்க்கா! ஆயுசு நூறு உங்களுக்கு. நாப்பத்தேழு யாருன்னு சொல்லுங்க. நாளைக்கு லைவ் போறோம், ஆளே மாட்டல.”

“அந்தப் போஸ்ட எடு.”

“எந்தப் போஸ்ட்ட?”

“எழுபத்தொண்ணு. அது தப்பு. நான் தப்பாக் கூட்டிட்டேன்.”

“எழுபதா? ஒண்ணுதானேக்கா, ரவுண்டா வெச்சுக்கலாம்.”

“ஒண்ணு இல்ல. தலைகீழ். அதிகமா மார்க் வாங்கினவங்கதான் ரொம்ப மோசமா இருக்காங்க.”

ரிங்லைட் நாற்காலியிலிருந்து இறங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தி ஸ்கேல் கேட்டதே இல்லை.

“அக்கா, பன்னெண்டாயிரம் லைக்கு. இத்தன நாள்ல மன்றத்துக்கு வந்ததுலயே இதான் டாப்பு. பிரின்ஸிபல் சாரே ஷேர் பண்ணிட்டாரு. இப்பப் போயி, ஸாரி, எல்லாரும் அழுதுட்டிருக்கோம்னு போட்டா எவன் லைக் போடுவான்?”

“லைக்குக்காகவா கணக்கு எடுத்தோம்?”

“வேற எதுக்கு எடுத்தோம்?” என்றாள் ரிங்லைட். அதில் கிண்டல் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த நேரம் புள்ளியியல் மேடம் கையில் டீயோடு வந்தார். ஸ்கேல் ஈரத்தாளை நீட்டினாள். மேடம் படித்தார்; டீயை ஒரு வாய் குடித்தார்; திரும்பவும் படித்தார்.

“பின்பக்கம் பாக்கலியா நீ?”

“ஒட்டிட்டேன் மேடம்.”

“ஒட்டினியா? விளக்கத் தாள யாராவது ஒட்டுவாங்களா?”

“தொலைஞ்சிடக் கூடாதுன்னு...”

“சரி, வாரம் முடியட்டும். அப்புறம் திருத்தம்னு கீழ சின்னதா போட்டுக்கலாம். கல்லூரியோட பேரு இருக்குல்ல?”

கையெழுத்துப் போட்டபோது மேடமும் அந்தக் கூட்டலைப் பார்க்கவில்லை என்பது ஸ்கேலின் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. தப்பு தன்னுடையது என்று இருக்கும்போது அடுத்தவர் பக்கம் விரலை நீட்ட அவளுக்குக் கை எழும்பாது. மேடத்துக்கு அப்படி ஒரு சங்கடமும் இல்லை.

“நாப்பத்தேழ மட்டும் சொல்லுங்கக்கா” என்று ரிங்லைட் விடாமல் வந்தாள். “உங்க நோட்டுல பெஞ்சுப் படம் இருக்குன்னு பசங்க சொன்னாங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“சரி விடுங்க. நானே நாப்பத்தேழுன்னு நின்னுக்கறேன். என் நம்பர் எனக்கே ஞாபகம் இல்ல, நாப்பத்தேழாவும் இருக்கலாம்ல? கிரீடம் வேற ஆர்டர் குடுத்தாச்சு.”

மேடம் சிரித்தார். “உனக்குப் பொருந்தும்டி.”

கிரீடத்தின் அளவுகூட அவள் தலைக்கு எடுத்ததாகத்தான் இருக்கும் என்று ஸ்கேல் நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் நின்றிருந்த இடத்துக்கு எதிரில் ஓர் அறை. கதவில் ‘ஆலோசகர், புதன் 4 முதல் 6 வரை’ என்று ஒரு சின்ன அட்டை. அட்டையின் மேல்பாதிதான் தெரிந்தது. கீழ்ப்பாதியையும் கதவையும் மறைத்து, மனநல வாரத்தின் உபரிப் பேனர்கள் கட்டுக்கட்டாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

வகுப்பு நடந்தது. அன்றைய பாடம் சராசரி. சராசரியை நம்பி ஏமாறக் கூடாது என்று மேடம் கரும்பலகையில் எழுதி, இரண்டு முறை கோடிட்டார். ஸ்கேல் கேட்டுக்கொண்டே, மேஜைக்கடியில் கோப்பை விரித்து அடுத்த படிவத்தை எடுத்தாள். இரண்டாமிடம். படிவம் 3. ‘பதிவு போட்டபின் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத் தவிர வேறெதிலும் கவனம் செல்வதில்லை.’ நான்கு. ‘யாரும் பார்க்காத நாளில் நான் இருப்பதாகவே தோன்றவில்லை.’ நான்கு. திருப்பிப் போட்டுக் கூட்டினாள். எண்பதுக்கு ஏழு.

முதல் பெஞ்சு, மூன்றாவது இடம். அங்கே ரிங்லைட்டின் பின்னந்தலை தெரிந்தது. மேடம் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தத் தலை மடியிலிருந்த போனை நோக்கிக் குனிந்தது, நிமிர்ந்தது, குனிந்தது. நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு முறை. ஸ்கேல் எண்ணினாள், எண்ணாமல் இருக்க அவளால் முடியாது.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தியை மனதார வெறுக்கலாம் என்று உட்கார்ந்தால் அதற்கும் விடமாட்டாள் போலிருக்கிறது.

ஏழரைக்கு வகுப்பு விட்டது. பஸ் நிறுத்தத்தில் விளம்பரப் பலகையின் வெளிச்சத்தில் மியூட் நின்றிருந்தாள். அவளுடைய பஸ் எதிர்ப்பக்கம். ஸ்கேலுக்காகத்தான் நிற்கிறாள் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். நாப்பத்தேழு நாந்தானே?”

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் இன்றைக்கு நிம்மதியாக பஸ் ஏறலாம். “ஆமா” என்றாள் ஸ்கேல்.

“பேரு வேணாம்னு சொன்னீங்க.”

“சொன்னேன். ஆனா பெஞ்சு வரிசையா நம்பர் போட்டுட்டேன். எங்கிட்ட படம் இருக்கு. வேற யாருக்கும் காட்டல.”

மியூட் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த பதில் கிடைத்ததுபோல. “நல்லா பண்றாங்கக்கா. ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன், எவ்ளோ உக்காந்து ப்ளான் பண்ணியிருப்பாங்கன்னு. எல்லாத்துக்கும் நாலு நாலுன்னு போட்டவளக் கூப்பிட்டு, மேடைல ஏத்தி, கிரீடம் வெச்சு... போன தடவ பாட்டு மட்டும்தான் போட்டாங்க.”

அப்போதுதான் ஸ்கேலுக்குப் புரிந்தது. இந்தப் பெண் அதைத் தவறு என்றே நினைக்கவில்லை. இன்னொரு கேலி என்று நினைத்திருக்கிறாள். படித்துப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, எல்லாருமாகச் சேர்ந்து.

“இல்ல. இதக் கேளு. யாரும் படிக்கல. ஒருத்தர்கூடப் படிக்கல.”

“நீங்க?”

“நானும்தான். ஸ்கேல வெச்சுக் கேள்விய மறைச்சுட்டு நம்பர மட்டும் கூட்டினேன். திருப்பிக் கூட்டணும்னு பின்னாடி போட்டிருந்துச்சு. அதப் பசை போட்டு நோட்டுல ஒட்டிட்டேன். இன்னிக்கு மத்தியானம் தண்ணி கொட்டித்தான் தெரிஞ்சுது.”

அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். பதினான்காம் பக்கம் சுருங்கிப் போய், பசையின் தடம் நான்கு மூலையிலும் நடுவிலும் தெளிவாகத் தெரிந்தது.

மியூட் அதைக் குனிந்து பார்த்தாள். “பசையாக்கா?”

“பசை.”

“நடுவுலயும் தடவியிருக்கீங்க.”

“தூக்கிக்காம இருக்கணும்னு.”

மியூட் சிரித்தாள். சத்தமில்லாத, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். “ஒரு வருஷத்துல மொத தடவையா உண்மைய எழுதினேன்க்கா. அதையும் பசை போட்டு ஒட்டிட்டீங்க.”

ஸ்கேல் நோட்டை மூடினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ரிங்லைட்டின் கண் கலங்கிய பதிவு நினைவுக்கு வந்தது. மன்னிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள்.

“பத்தொம்பதாவது கேள்வி. ரெண்டு தடவ வட்டம் போட்டிருக்க. இன்னிக்கு எத்தன போடுவ?”

மியூட் ரோட்டைப் பார்த்தாள். ஒரு பஸ் வந்து, நின்று, போனது. ஸ்கேல் வாழ்க்கையில் முதல் தடவையாக விநாடிகளை எண்ணாமல் நின்றாள்.

“இப்ப மூணு.”

“ஞாயித்துக்கிழம?”

“அதுல அஞ்சு இல்லியேக்கா.”

தெரு அப்படியேதான் இருந்தது. நிறுத்தத்தில் நின்ற ஆறு பேரும் ஆறு போன்களுக்குள் குனிந்திருந்தார்கள்.

“வீட்டுல யாரு இருக்காங்க?” என்று கேட்டாள் ஸ்கேல். தன் குரல் கடையில் வாடிக்கையாளரிடம் பவர் கேட்கிற குரலாக இருப்பது அவளுக்கே கேட்டது. நடுங்குவதற்கு அது தேவலை.

“பெரியம்மா.”

“அவங்ககிட்ட சொன்னியா?”

“எப்பவும் போன நோண்டிட்டே இருந்தா இப்படித்தான்னு சொல்வாங்க. தப்பும் இல்ல, நோண்டிட்டுத்தான் இருக்கேன். என்ன போட்டிருக்காங்கன்னு பாக்காம இருக்க முடியலக்கா. பாத்தாலும் முடியல.”

“புதன்கிழம ஒரு ஆலோசகர் வராங்க. தெரியும்ல?”

“போனேன்க்கா, போன வாரம். கதவு முன்னாடி பேனர் அடுக்கியிருந்தாங்க. மன்றத்துப் பசங்க நின்னுட்டிருந்தாங்க. நகத்துங்கன்னு கேக்க வாய் வரல. திரும்பிட்டேன்.”

மனநலத்தின் பெயரால் இவ்வளவு பெரிய கூத்து அடித்து, இருந்த ஒரே கதவையும் அடைத்திருக்கிறார்கள். ஸ்கேலுக்குக் காறித் துப்பலாம்போல இருந்தது. துப்புவதென்றால் முதலில் தன் நோட்டின்மேல்தான் துப்ப வேண்டும் என்பதும் நினைவிருந்தது.

“நாளைக்கு நாலு மணிக்கு நானும் வரேன்.”

“உங்களுக்குக் கடை இருக்குல்ல?”

“கேட்டுக்கறேன். இப்ப உன் கூடவே உன் பஸ்ல வரேன். பெரியம்மாகிட்ட நான் பேசறேன்.”

“என்னன்னு?”

“பசைலேருந்து ஆரம்பிக்கறேன்.”

“திட்டுவாங்கக்கா.”

“என்னத்தானே? திட்டட்டும். அப்புறம் வீட்டுக்குப் போயி போன் பண்ணுவேன். எடுக்கணும்.”

“எடுத்தாலும் எனக்குப் பேச வராது.”

“பேச வேணாம். எடுத்தாப் போதும்.”

மியூட் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போனை எடுத்து, ஸ்கேலின் எண்ணைக் கேட்டுப் பதிந்துகொண்டாள். ஒவ்வோர் இலக்கமாக, திருப்பிப் படித்துச் சரிபார்த்து.

பெரியம்மா திட்டினார். நிறையத் திட்டினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, நாளைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் மியூட். கொஞ்சம் பொறுத்து, வாசல்வரைக்கும் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஸ்கேல் முதலில் பெஞ்சுப் படம் வரைந்த பக்கத்தைக் கிழித்தாள். நேராக, ஸ்கேலை வைத்துத்தான். அதை எட்டாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, உலர்ந்த பக்கம் ஒன்றைத் தேடி எழுதினாள்.

மதியம் எழுதியது தவறு. சின்னத் தவறு அல்ல.

நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் திருப்பிக் கூட்ட வேண்டும். பத்தொன்பதாவது கேள்விக்கு நான்கு போட்டவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அதை முதலில் எண்ணி ஆலோசகரிடம் கொடுக்க வேண்டும். சரியான முடிவை மேடம் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அறிவிப்புப் பலகையில் மாட்டுவது. குண்டூசி அக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம்.

படிவம் 3: அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு முன்பா, கிரீடம் வைத்த பிறகா? கேட்பாளா? தெரியவில்லை. பிடிக்கவும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

நாளை, புதன்: முதலாளியிடம் மூன்று மணிக்கு அனுமதி. மூன்று நாற்பதுக்குக் கல்லூரி. நாலு மணிக்குள் அந்தக் கதவுக்கு முன்னால் இருக்கும் பேனர்களை நகர்த்த வேண்டும்.